இருபத்தேழில் நின்ற திரை

நடந்தவற்றை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன். வரிசைப்படுத்தினால் எதுவும் புரிந்துவிடும் என்பது என் நம்பிக்கை. இந்த முறை அது அவ்வளவாகப் பலிக்கவில்லை.

1. எங்கள் கம்பெனி செய்த கருவி ஒன்றை என் அத்தையின் கோழிப்பண்ணையில் பொருத்தினேன். கொட்டகையில் சூடு ஏறினால் அது விசிறிகளைப் போடும், இறங்கினால் அணைக்கும். அதற்குள் ஓடுவது சி மொழியில் எழுதிய நிரல்.
2. மழைக்காலம், பனிக்காலம் முழுக்க ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.
3. கரண்டு போனாலும் கருவி அணையக் கூடாது என்று அத்தை அதற்கு ஒரு யூபிஎஸ் வாங்கி வைத்தார்.
4. அதன் பிறகு, வெயில் ஏறிய ஒரு நண்பகலில், கருவி உறைந்து நின்றது. திரையில் 27 என்று இருந்தது. கொட்டகையில் கோழிகள் வாயைப் பிளந்துகொண்டு இரைத்தன.
5. கருவியைக் கழற்றிக்கொண்டு வந்து என் மேசையில் ஓட்டிப் பார்த்தேன். நன்றாக ஓடியது.
6. காரணத்தைக் கண்டுபிடித்தேன். சரிசெய்தேன்.
7. சரிசெய்த பிறகு முன்பைவிட மோசமாகிவிட்டது.

ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் அதற்கு முன்னால் சொல்ல வேண்டியவை இருக்கின்றன.

நான் பள்ளிபாளையத்தில் ஒரு சிறிய கம்பெனியில் வேலை பார்க்கிறேன். எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள். கம்பெனி இருக்கும் கூடம் முன்பு விசைத்தறிக் கூடம். தறிகளை எடுத்துவிட்டு மேசைகளைப் போட்டிருக்கிறார்கள். என் மேசைக்கு அடியில் தறியை இறுக்கியிருந்த போல்ட்டின் தலை ஒன்று இன்னும் நீட்டிக்கொண்டிருக்கிறது. தினமும் ஒரு முறையாவது அதில் கால்விரலை இடித்துக்கொள்வேன்.

அத்தை என் அப்பாவின் தங்கை. ராசிபுரத்திலிருந்து நாமக்கல் போகும் வழியில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி அவருக்கு இரண்டு கொட்டகைகள். மாமா கேஸ் டேங்கர் ஓட்டுகிறவர். வண்டியில் ஏறிவிட்டால் எப்போது திரும்புவார் என்பது அவருக்கே தெரியாது. தீவனம் போடவும் முட்டை பொறுக்கவும் ஒரு கணவனும் மனைவியும் பண்ணையிலேயே தங்கியிருக்கிறார்கள். விசிறிகளும், தண்ணீரைப் புகைபோலத் தெளிக்கும் ஃபாகரும் மட்டும் அத்தையின் கையில். கோடையில் அவர் மத்தியானச் சோற்றைக்கூட கொட்டகை ஓரத்தில் நின்றபடிதான் சாப்பிடுவார்.

அத்தையின் மகள் புனேயில் இருக்கிறாள். அவளுக்கு இது இரண்டாவது பிரசவம். பயணம் கூடாது, கூடியவரை படுத்தே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளால் வர முடியாது. அத்தைதான் போக வேண்டும். பிரசவமோ நல்ல கோடையில் வருகிறது. கோடையில் அத்தை பண்ணையை விட்டு வெளியே தங்கியதே இல்லை. ஆக, கேள்வி ஒன்றுதான்: இந்தக் கருவியை நம்பி அத்தை புனேக்குப் போகலாமா, கூடாதா? பதில் சொல்ல வேண்டியவள் நான்.

திரை இருபத்தேழில் நின்ற அன்று அத்தை போனில் கூப்பிட்டார்.

"சாமி, உன்ற பொட்டி இருபத்தேழுங்குது. எனக்கு முதுகுல வேர்வை ஊத்துது. காய்ச்சல் எனக்கா, பொட்டிக்கா?"

"ஃபேனெல்லாம் கையில போட்டுட்டீங்களாத்தை?"

"அதெல்லாம் போட்டாச்சு. மெசேஜு வரலியே, எல்லாம் நல்லாருக்குதுன்னு நானும் அடுப்படியில நின்னுட்டேன். நீ வந்து பாரு."

சூடு அளவை மீறினால் அத்தையின் போனுக்குச் செய்தி அனுப்புவதும் அந்தக் கருவியின் வேலைதான். உறைந்து நின்ற கருவி எதை அனுப்பும்? காலையில் இதமாக இருந்தபோது நின்றிருக்கிறது. அப்போது இரண்டு விசிறிகள் ஓடிக்கொண்டிருந்தன. உச்சி வெயிலிலும் அதே இரண்டு விசிறிகள்தான் ஓடியிருக்கின்றன.

நான் போய்ச் சேர்ந்தபோது எல்லா விசிறிகளும் ஓடிக்கொண்டிருந்தன. கோழிகள் இறக்கைகளை உடம்பிலிருந்து அகட்டி வைத்துக்கொண்டு நின்றன. செத்தவற்றைக் கொட்டகைக் கோடியில் சாக்கின் மேல் கிடத்தியிருந்தார்கள். எதையும் எண்ணிப் பார்க்கும் நான் அவற்றை எண்ணவில்லை.

திரை அப்போதும் இரண்டு கொட்டகைகளுக்கும் 27 என்றே காட்டியது. சுவிட்சை அணைத்துப் போட்டேன். கருவி உடனே உயிர் வந்து 38 என்றது.

"அட, நிறுத்திப் போட்டா ஓடுது. அவ்வளவுதானா?" என்றார் அத்தை.

"அவ்வளவு இல்லீங்கத்தை."

"பின்ன?"

"தெரியலீங்கத்தை."

"எஞ்சினீருக்குப் படிச்சுப்போட்டு தெரியலைங்கற. நல்லா இருக்குது போ."

கருவியைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். மேசையில் வைத்து ஓட்டினேன். காலையிலிருந்து மாலை வரை ஒழுங்காக ஓடியது. அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும் அப்படியே. பண்ணையில் இருப்பது எது, என் மேசையில் இல்லாதது எது என்று ஒரு பட்டியல் போட்டேன்: தூசி, சூடு, நீளமான ஒயர், விசிறி மோட்டாரைப் போடும்போது கரண்டில் வரும் உதறல், கோழி எச்சத்தின் காரம். ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து சோதித்தேன். முடி உலர்த்தும் மெஷினை வைத்துக் கருவியைச் சூடாக்கினேன். தீவனத் தூளைப் பக்கத்தில் கொட்டி விசிறினேன். அது எதற்கும் அசையவில்லை. கெட்டுப்போக மாட்டேன் என்கிற ஒரு பொருளைக் கெடுக்க முயல்வது எவ்வளவு குழப்பமான வேலை என்று அந்த வாரம்தான் தெரிந்துகொண்டேன்.

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. தறிக்கூடமாக இருந்த காலத்திலிருந்து வருகிறது. மாலையில் வேலை முடிந்ததும் முதலாளி மெயினை இறக்கிவிடுவார். காலையில் மெயின் பெட்டிக்குக் கற்பூரம் காட்டிவிட்டுத்தான் தூக்குவார். அதற்கு முன் யாரும் ஒரு லைட்டைக்கூடப் போட முடியாது. நான் சேர்ந்த நாளிலிருந்து பார்க்கிறேன். பழகிப்போனதால் பார்க்காமலும் இருந்திருக்கிறேன். ஒரு மாலை, எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்று கருவியின் திரையில் ஒரு எண்ணைக் காட்டச் செய்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலாளி மெயினை இறக்கினார். திரை கறுத்தது. காலையில் எண் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கியது.

என் மேசையில் அந்தக் கருவி ஒரு முழு நாள் ஓடியதே இல்லை. பண்ணையிலும் அப்படித்தான் இருந்திருக்கிறது. அங்கே தினமும் ஒரு முறையாவது கரண்டு போய்வரும். அத்தை யூபிஎஸ் வாங்கி வைக்கும் வரை.

அதாவது, கருவி அணையாமல் இருக்க அத்தை செய்த ஏற்பாடுதான் அதை நிறுத்தியிருக்கிறது. இதைத் தாளில் எழுதி இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். தப்பாக எழுதிவிட்டேனோ என்று தோன்றியது.

முதலாளியிடம் போனேன்.

"சார், இன்னைக்கு மெயினை இறக்க வேண்டாங் சார்."

"ஏம்மா, தங்கப் போறயா?"

"நான் போயிருவேங் சார். இது மட்டும் ஓடிட்டே இருக்கோணும்."

"ஆளில்லாத கூடத்துல கரண்டு ஓடறதா? எங்கய்யன் காலத்துல இருந்து இங்க அப்பிடி நடந்ததில்லம்மா."

"பண்ணையில ஆளில்லாமத்தானுங் சார் ஓடப்போகுது."

அவர் யோசித்தார். அவர் கோபக்காரர் இல்லை. நிஜமாகவே ஒரு சிக்கலில் மாட்டிக்கொண்டவரைப் போலத் தெரிந்தார். "கற்பூரம் காட்டிப்போட்டு மெயினைத் தூக்கறோம். இறக்காத மெயினை எப்பிடிம்மா தூக்கறது?" என்று கேட்டார். கடைசியில் அவரே வழி சொன்னார். "கூடத்துக்குப் பின்னால என்ற ஊடு இருக்குதில்ல, அங்க கொண்டு போயி வெய்யி. ஊட்டுல மெயினை இறக்கறதில்ல."

இப்படியாக, எங்கள் கருவியின் முதல் தொடர் சோதனை முதலாளி வீட்டு ஃபிரிட்ஜின் மேல் நடந்தது. திரையில் இன்னொரு எண்ணையும் காட்டச் செய்திருந்தேன்: நிரலுக்கு இன்னும் எவ்வளவு நினைவகம் மீதி இருக்கிறது என்பது. அது குறைந்துகொண்டே வந்தது. முதலாளியின் மனைவி ஒவ்வொரு முறை தயிர் எடுக்கும்போதும் அதைப் பார்த்திருக்கிறார்.

"கண்ணு, அந்த நம்பரு கொறஞ்சுட்டே வருது. பூஜ்ஜியமானா வெடிக்குமா?"

"வெடிக்காதுங்க்கா. நின்னுரும்."

"அவ்வளவுதானா? நான் ஃபிரிட்ஜத் தொறக்கவே பயந்துட்டிருந்தேன்."

சி மொழியில் நிரல் எழுதுகிறவர்கள் நினைவகத்தைத் தாங்களே கேட்டு வாங்க வேண்டும், தாங்களே திருப்பிக் கொடுக்க வேண்டும். வாங்குவதற்கு மாலாக் என்று ஒரு கட்டளை: இத்தனை பைட் இடம் வேண்டும் என்று கேட்டால், அந்த இடத்தின் முகவரியைத் தரும். வேலை முடிந்ததும் அந்த முகவரியை ஃப்ரீ என்ற கட்டளையிடம் கொடுத்தால் இடம் பொதுவுக்குத் திரும்பும். திருப்பிக் கொடுக்க மறந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். மீதி குறையும்; கருவியை அணைத்துப் போட்டால்தான் எல்லா இடமும் திரும்பி வரும். ஒரு நாள் மாலாக் வெறுங்கையை விரிக்கும். வெறுங்கையாக வந்ததா என்று பார்க்காமல் நிரல் அதன் மேல் எழுதப் போகும். அங்கே எல்லாம் நின்றுவிடும். புத்தகத்தில் முதல் சில பக்கங்களிலேயே வருகிற பாடம் இது. தேர்வில் எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன்.

ஆனால் யார் திருப்பிக் கொடுக்க வேண்டும்? புத்தகத்தில் வாங்குவதும் கொடுப்பதும் ஒரே பக்கத்தில், ஒரே கையால் நடக்கும். எங்கள் நிரலை எழுதியது இரண்டு பேர். சூட்டை அளக்கும் பகுதியை எழுதியவர் எனக்கு முன்னால் இங்கே வேலை பார்த்தவர், இப்போது பெங்களூரில் இருக்கிறார். அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய பகுதி ஒவ்வொரு முறை அளக்கும்போதும் மாலாக்கிடம் புதிதாக இடம் வாங்கி, அளவை அதில் எழுதி, முகவரியை என் பகுதிக்குத் தரும். நான் படித்துத் திரையில் காட்டுவேன். அந்த இடம் அதற்குப் பிறகு என்ன ஆகிறது?

அவருக்கு போன் போட்டேன்.

"அண்ணா, உங்க ஃபங்ஷன் மாலாக் பண்ணித் தருதில்லைங்களா, அதை ஃப்ரீ பண்றது யாருங்ணா?"

"வாங்குனவங்கதான்."

"நீங்க பண்ணுவீங்கன்னு நினைச்சுட்டேனுங்ணா."

"நான் உங்கிட்டக் குடுத்துட்டேன்ல? குடுத்ததை எப்பிடி நானே புடுங்கறது?"

"நீங்க உண்டாக்குனதை நான் எப்பிடிங்ணா அழிக்கறது?"

அந்தப் பக்கம் அவர் சிரிக்கும் சத்தம் கேட்டது. "நல்லா இருந்தோம் போ. ரெண்டு பேரும் மரியாதை பாத்துப் பாத்தே பொட்டியக் கொன்னிருக்கறோம்."

படித்து முடித்தவுடன் ஃப்ரீ செய்யும்படி என் பகுதியில் ஒரே ஒரு வரி சேர்த்தேன். ஃபிரிட்ஜின் மேல் எண் குறைவது ஏறக்குறைய நின்றது. ஏறக்குறைய என்பதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கருவியைப் பண்ணையில் மறுபடி மாட்டினேன். அத்தை இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்ன கோளாறு என்று கேட்டார். நான் முட்டைத் தட்டை வைத்துச் சொன்னேன்.

"முட்டை லாரியில தட்டோட போகுதில்லீங்களா. தட்டு திரும்பி வராமயே இருந்தா என்னாகும்?"

"அடுத்த லோடுக்குத் தட்டு இருக்காது."

"அதானுங்கத்தை. இப்பத் தட்டைத் திருப்பிக் குடுக்க வெச்சுட்டேன்."

"அட, இவ்வளவுதானா. அப்ப டிக்கெட்டு போடட்டுமா?"

"போடுங்கத்தை."

அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு நான் ஊருக்குத் திரும்பியிருக்கலாம். ஒரு நாள் இருந்து பார்க்கலாம் என்று தங்கினேன். அடுத்த நாள் முற்பகல். முதல் கொட்டகை 33.5, இரண்டாவது 33.5 என்று திரையில் அருகருகே ஓடிக்கொண்டிருந்தன. எவ்வளவு ஒழுங்கு என்று எனக்கு மனம் நிறைந்தது. தூசியைத் துடைக்கலாம் என்று முதல் கொட்டகையில் சூட்டை அளக்கும் சென்சாரைப் பிளக்கிலிருந்து கழற்றினேன். துடைத்துக்கொண்டே திரும்பி வந்தேன். சென்சார் என் கையில் இருந்தது. திரையில் முதல் கொட்டகையின் சூடு 33.5இலிருந்து 33.8க்கு ஏறியது.

நான் கையைப் பார்த்தேன். திரையைப் பார்த்தேன். 34.1.

எதோடும் சேராமல் என் கையில் கிடக்கும் ஒரு சென்சார் கொட்டகையின் சூட்டை எப்படி அளக்கும்? அளக்காமல் பழைய எண்ணையே காட்டினாலாவது புரிந்துகொள்ளலாம். எண் மாறுகிறதே. உயிரோடு இருப்பது போல மாறுகிறதே. கொஞ்ச நேரம் கழித்துத்தான், இரண்டாவது கொட்டகை மாறும்போதெல்லாம் முதலாவதும் கூடவே மாறுவதைக் கவனித்தேன். அதற்குள் திரை நின்றுவிட்டது. இந்த முறை 34.1.

அத்தை தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

"மறுக்காவும் நின்னு போச்சாட்ட இருக்குது."

"ஆமாங்கத்தை."

"தட்டைத் திருப்பிக் குடுத்துட்டேன்னயே?"

"குடுத்துட்டேன். அதுதானுங்கத்தை இப்பப் பிரச்சினை."

அத்தை என்னை ஒரு மாதிரி பார்த்தார். வெயிலில் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும். மோர் கொண்டுவந்து கொடுத்தார்.

மறுபடி பெங்களூருக்கு போன். அன்று ஞாயிற்றுக்கிழமை. அவர் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தார். பின்னால் யாரோ கன்னடத்தில் விலை கூவினார்கள்.

"நான் ஃப்ரீ பண்ணேனுங்ணா. சென்சாரைக் கழட்டுனா பக்கத்துக் கொட்டாயி எண்ணைக் காட்டுது."

"சென்சார் பதில் சொல்லலீன்னா கடைசியா வந்த அளவைத் திருப்பிக் குடுக்கும். அப்பிடித்தான் எழுதுனேன்."

"கடைசியா வந்ததை எங்கீங்ணா வெச்சிருக்கீங்க?"

தக்காளிப் பை சரசரத்தது. பிறகு மெதுவாகச் சொன்னார்: "உங்கிட்டக் குடுத்த அதே அட்ரஸ நானும் கையில வெச்சிருப்பேன்."

"எனக்குக் குடுத்துட்டேன்னீங்க!"

"குடுத்தேன். ஞாபகத்துக்கு ஒண்ணு வெச்சுக்கிட்டேன்."

இங்கேதான் என் குழப்பத்தின் நடுப்புள்ளி. இன்றைக்கும் இதை நினைத்தால் தலை லேசாகச் சுற்றுகிறது. ஃப்ரீ என்பது எதையும் அழிப்பதில்லை. திருப்பிக் கொடுத்த இடத்தில் எழுதியிருந்தது அப்படியே கிடக்கலாம். முகவரியும் அவரவர் கையில் அப்படியே இருக்கும். அந்த இடம் உன்னுடையது இல்லை என்ற ஒன்று மட்டும்தான் மாறியிருக்கிறது. அது திரையில் தெரியாது. வேறு யாரும் கேட்டு வராத வரை பழைய முகவரி சரியான பதிலையே சொல்லும். நான் திருப்பிக் கொடுத்த இடத்தை மாலாக் அடுத்ததாகக் கேட்ட இரண்டாவது கொட்டகைக்குக் கொடுத்துவிட்டது. முதல் கொட்டகையின் சென்சார் பதில் சொல்லாதபோதெல்லாம் அண்ணாவின் பகுதி அதே பழைய முகவரியை எடுத்து நீட்டியது. தூசியால் அது அன்று காலையிலிருந்தே பதில் சொல்லவில்லை போலும். இரண்டு கொட்டகைக்கும் ஒரே இடம். அதை நான் இரண்டு முறை திருப்பிக் கொடுத்தேன். ஒரு முறை கொடுத்ததை மறுபடி கொடுத்தால் கணக்கே சிதைந்துவிடும். அதனால்தான் நின்றது.

திருப்பிக் கொடுக்காததும் தவறு, கொடுத்ததும் தவறு. அப்படியானால் அண்ணாவின் பகுதி, புதிய அளவு வந்ததும் பழையதைத் தானே திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். நான் தொட்டிருக்கவே கூடாது. ஆனால் அவர் கொடுக்கிற நேரத்தில் நான் இன்னும் படித்துக்கொண்டிருந்தால்?

அத்தைக்கு இதையும் தட்டை வைத்தே விளக்கப் போனேன்.

"தட்டைத் திருப்பிக் குடுத்தாலும் முட்டை அதுலயே இருக்குமுங்கத்தை."

"முட்டையோட எவஞ் சாமி தட்டைத் திருப்பிக் குடுப்பான்?"

"இங்க அப்பிடித்தான்."

"அப்ப அந்த முட்டை யாருது?"

"யாருதும் இல்லீங்கத்தை. அடுத்தவங்க வந்து அது மேலயே அவங்க முட்டைய வெச்சிருவாங்க."

"ஒடஞ்சு போகாது?"

தட்டை அதோடு விட்டுவிட்டேன். அத்தை விடவில்லை.

"இப்ப டிக்கெட்டை என்ன பண்றது?"

"இருக்கட்டுங்கத்தை."

"போகவும் சொல்ல மாட்டீங்கற, இருக்கவும் சொல்ல மாட்டீங்கற. உங்கொப்பனாட்டவே இருக்கற." சொல்லிவிட்டு, உள்ளே போய்ப் பெட்டியில் மடித்து வைத்திருந்த சேலைகளை எடுத்து மறுபடி பீரோவில் வைத்தார். நான் பார்க்கும்படியாகத்தான் வைத்தார் என்று நினைக்கிறேன். அன்று மாலை புனேயிலிருந்து மகள் கூப்பிட்டபோது, "வாரேன் சாமி, வாராம இருப்பனா" என்று அவளிடம் சொன்னதும் என் காதில் விழுந்தது.

பள்ளிபாளையம் திரும்பி, வேறு மாதிரி யோசித்தேன். பண்ணையில் கொட்டகைகள் இரண்டு. சென்சார்களும் இரண்டு. ஓடிக்கொண்டிருக்கும்போது கொட்டகை முளைக்கப் போவதில்லை. எத்தனை கொட்டகை இருந்தாலும் பொருந்த வேண்டும், கருவியை எல்லோருக்கும் விற்கலாம் என்ற ஆசையில்தான் தொடக்கத்தில் மாலாக்கை நம்பி எழுதியிருந்தோம். ஒவ்வொரு சென்சாருக்கும் நிரந்தரமாக ஓர் இடத்தை ஒதுக்கிவிட்டால் கேட்டு வாங்கவும் வேண்டாம், திருப்பிக் கொடுக்கவும் வேண்டாம். அந்தப் பகுதி முழுவதையும் அப்படியே மாற்றி எழுதினேன். சென்சார் பதில் சொல்லாவிட்டால் பழைய எண்ணைக் காட்டாமல் கோடு காட்டும்படி செய்தேன்.

நிரல் உறைந்தால் அதைத் தட்டி எழுப்ப கருவிக்குள்ளேயே ஒரு காவல் உண்டு. நிரல் அவ்வப்போது அதனிடம் தலைகாட்ட வேண்டும். காட்டாவிட்டால் அது எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கிவிடும். அது ஏன் இதுவரை எழுப்பவில்லை என்று பார்த்தால், உறையாத வேறொரு மூலையிலிருந்து, நேரம் எண்ணும் கடிகாரப் பகுதியிலிருந்து, அண்ணா அதற்குத் தலைகாட்ட வைத்திருந்தார். வீட்டுக்காரர் மயங்கிக் கிடக்க, கடிகாரம் மட்டும் நான் நலம் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. அதையும் மாற்றினேன்.

கடைசியாக, நிரலைத் தொடாத ஒரு மாற்றம். விசிறிகளைப் போட்டு அணைக்கும் ரிலே சுவிட்சுகளை எதிர்ப்பக்கமாக ஒயர் செய்தேன். முன்பு கருவி சொன்னால்தான் விசிறி ஓடும். இப்போது கருவி சொன்னால்தான் விசிறி நிற்கும். கருவி செத்தால் எல்லா விசிறிகளும் ஓடும். உறைந்தால், காவல் அதை எழுப்பும் வரையில் மட்டுமே பழைய நிலை.

எல்லாவற்றையும் ஃபிரிட்ஜின் மேல் வைத்து ஓட்டினேன். மீதி நினைவகத்தைக் காட்டும் எண் நின்றுவிடும் என்று எதிர்பார்த்தேன். நிற்கவில்லை. முன்பு சரிந்தது, இப்போது ஊர்ந்து குறைகிறது, அவ்வளவுதான். அன்று ஏறக்குறைய என்று விட்டுவிட்டது இதுதான். நான் எழுதிய வரிகளில் மாலாக்கே இல்லை என்று ஒவ்வொரு கோப்பாகத் தேடிப் பார்த்துவிட்டேன். அண்ணாவின் வரிகளிலும் இல்லை. மீதி இருப்பது போனுக்குச் செய்தி அனுப்பும் மோடத்தோடு வந்த பகுதி. அதை விற்றவர்கள் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று காட்டுவதில்லை. மெயில் அனுப்பினேன். பெற்றுக்கொண்டோம் என்று பதில் வந்தது.

முதலாளியிடம் சொன்னேன், தினமும் மாலையில் கருவி தானே ஒரு முறை அணைந்து எழும்படி வைத்திருக்கிறேன், அது கொஞ்ச நேரம் அணைந்திருந்தாலும் விசிறிகள் ஓடும் என்று. அவர் வாய்விட்டுச் சிரித்தார். "கடைசியில மெயினை இறக்கித்தான ஆக வேண்டியிருக்குது?"

அத்தையிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். எது சரியாகிவிட்டது, எது எனக்குத் தெரியவில்லை என்று பிரித்துச் சொன்னேன். தட்டைப் பற்றிப் பேசவில்லை. அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"இனி நின்னு போனா ஃபேன் ஓடுமா, நிக்குமா?"

"ஓடுமுங்கத்தை."

"ஓடறதை எனக்குக் காட்டு."

கருவியின் ஒயரைப் பிடுங்கினேன். இரண்டு கொட்டகைகளிலும் எல்லா விசிறிகளும் ஒவ்வொன்றாகக் கிளம்பின. கோழிகள் ஒரு கணம் சத்தம் போட்டு அடங்கின. அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்து பார்த்துவிட்டு வந்தார்.

"சரி, போறேன். ஆனா நீ இங்க வந்து இரு. உனக்கே ஒரு எடம் புரியலைங்கறயே, அதுக்கு ஒரு ஆளு வேண்டாமா?"

கருவியை நம்பிப் போகிறாரா, என்னை நம்பிப் போகிறாரா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. சேலைகள் மறுபடி பெட்டிக்குப் போயின.

இப்போது அத்தை புனேயில் இருக்கிறார். குழந்தை இன்னும் பிறக்கவில்லை. தினமும் மத்தியானம் போன் செய்து முதலில் விசிறியைப் பற்றிக் கேட்கிறார், பிறகு நான் சாப்பிட்டேனா என்று. நான் அவர் வீட்டுக் கூடத்தில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு கம்பெனி வேலையைப் பார்க்கிறேன். முதலாளி சரி என்றுவிட்டார். கருவி ஓடுகிறது. முதல் கொட்டகை 35.2, இரண்டாவது 34.6 என்கிறது, போய்க் கையில் வேறொரு தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தேன், சரியாக இருக்கிறது. மாலையில் அது தானே அணைந்து எழுகிறது. மீதி நினைவகம் காலையில் இருந்ததைவிட இப்போது கொஞ்சம் குறைந்திருக்கிறது. அதை எடுத்துக்கொள்வது யார் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.